மீதி இரண்டு

தியத்தலாவை, சனிக்கிழமை விடிகாலை.

புல் நனைந்து கிடக்கிறது. மருமகனின் மோட்டார் சைக்கிள் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது. நேற்றுச் சாயங்காலம் முன் டயரில் 13 பிஎஸ்ஐ காற்று வைத்துவிட்டுத்தான் படுத்தோம். இப்போது கேஜில் 10.

"கேஜ் பழசு மாமா" என்றான். பக்கத்துக் கொட்டகையில் ஒன்று வாங்கிவந்து வைத்தோம். அதிலும் 10.

குளிருக்கு இதில் பங்கு உண்டு. நேற்று அளந்தபோது 27 பாகை, இப்போது 16. அடைபட்ட காற்று பதினொரு பாகை குளிர்ந்தால் இந்த டயரில் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ இறங்கும். அந்த ஒன்று எங்கும் போகவில்லை, வெயில் ஏறினால் தானே திரும்பி வரும். மீதி இரண்டு வராது. இரவெல்லாம் பக்கத்திலேயே படுத்திருந்தோம், ஒரு சத்தமும் கேட்கவில்லை.

இன்று பயிற்சி ஓட்டம், நாளை போட்டி.

*

ஃபொக்ஸ் ஹில் என்பது இராணுவ முகாமை ஒட்டிய மலைச்சரிவு. ஓடுபாதை செம்மண்ணும் சரளையும். ஏப்ரலில், சித்திரைப் பிறப்பை ஒட்டி, தீவின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வண்டிகள் இங்கே வரும். பதுளை, ஹாலிஎலை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து சனம் காலையிலேயே சாப்பாடு கட்டிக்கொண்டு வந்துவிடும். தோட்டத்துப் பிள்ளைகளில் சிலருக்கு இயந்திரத்தின் மேல் முதல் ஆசை வந்ததே இந்த மேட்டில் நின்றுதான். என் மருமகனுக்கும் அப்படித்தான்.

*

கொழும்புக்காரர் ஒருவர் காலையில் கேட்ட கேள்வியை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் 30 பாகை வெக்கையில் கார் டயருக்கு 30 வைத்தாராம். பெரகலை ஏறி அப்புத்தளை வழியாக இங்கே வந்து, டயர் ஆறியபிறகு இன்று காலையில் அளந்தாலும் 30தான் இருக்கிறதாம். "இந்தக் குளிருக்குக் குறைஞ்சிருக்கணுமே?"

குறையத்தான் குறைந்தது. குளிர் ஏறத்தாழ இரண்டைக் குறைத்தது. ஆனால் கேஜ் டயருக்குள் இருக்கும் காற்றை மட்டும் சொல்வதில்லை. உள்ளே இருந்து தள்ளுவதற்கும் வெளியே இருந்து தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கிறது. கடலோரத்தில் வெளிக்காற்று 14.7 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தும். ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரமுள்ள இந்த மலையில் அது சுமார் 12.6தான். மலை ஏறியதால் கேஜ் இரண்டு கூடவேண்டும், குளிரால் இரண்டு குறையவேண்டும். இரண்டும் சேர்ந்து ஒன்றுமே நடக்காததுபோல் முள் அதே இடத்தில் நிற்கிறது.

அவருக்குச் சொல்லிவிட்டு வந்தபிறகுதான் உறைத்தது. எண் மாறவில்லை என்பதற்காக எதுவும் மாறவில்லை என்று ஆகிவிடாது. ஒரு சின்ன ஒழுக்கு இருந்தால், அதை மறைக்க ஒரு மத்தியான வெயிலே போதும்.

*

சின்னையாவின் நினைவு. பண்டாரவளையில் டயர் கடை வைத்திருந்தார். தகரப் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து செய்த தொட்டி, அதில் எந்நேரமும் கலங்கல் தண்ணீர். பெரிய பஞ்சருக்குத் தொட்டியே வேண்டாம், காதில் வைத்தால் சீறும். அவர் பயந்தது மெதுவாக இறங்கும் காற்றுக்குத்தான்.

முதலில் வால்வைப் பார்ப்பார். நாக்கில் தொட்ட விரலை வால்வு வாயில் வைத்து எடுப்பார். எச்சில் படலம் உப்பினால் வால்வு ஊசியில் குறை. உப்பாவிட்டால் டியூபைக் கழற்றி, வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காற்றடித்து, தண்ணீரில் அமுக்கி ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்துவார். டியூபை இறக்கியதும் எழும் குமிழெல்லாம் பொய். ரப்பரில் ஒட்டிக்கொண்டு வந்த வெளிக்காற்று அது. கையால் வழித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தண்ணீர் அடங்கியபிறகு கடுகளவில் ஒன்று ஓரிடத்தில் முளைக்கும். பெருக்கும். பிடிவிட்டு மேலே வரும். அதே இடத்தில் இன்னொன்று முளைக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

"அவசரப்பட்டவனுக்கு இது தெரியாதுப்பா. ரெண்டாவது வர்ற வரைக்கும் பாரு" என்பார்.

நான் பார்த்த முதல் தியானம் அந்தத் தொட்டியின் முன்னால்தான். கண் தண்ணீரில் இருக்கும், பின்னால் தெருவில் பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு போகும், அவர் திரும்ப மாட்டார்.

*

ஓட்டையே இல்லாத டயரிலும் காற்று இறங்கும். ரப்பர் சுவர் அல்ல. அதன் நீண்ட மூலக்கூறுகளுக்கு நடுவே காற்று நுழைந்து, கரைந்து, மறுபுறம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஒட்சிசன் முந்தி ஓடும். நைதரசன் அதைவிட மூன்று நான்கு மடங்கு மெதுவாகப் போகும். நல்ல நிலையில் உள்ள கார் டயரே மாதத்துக்கு 1 அல்லது 2 பிஎஸ்ஐ இழக்கும்.

ரொபர்ட் வில்லியம் தொம்சன் 1845இல் காற்றுச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார், பிறகு அதை உலகம் மறந்துபோனது. 1887இல் ஜோன் பொய்ட் டன்லொப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதைத் திரும்பவும் கண்டுபிடித்தார். அதற்குப் பின்னும் அரை நூற்றாண்டு இயற்கை ரப்பர் டியூப்தான். 1937இல் அமெரிக்காவில் பியூட்டைல் ரப்பர் உருவான பிறகே காற்று ஓரளவு அடங்கி நின்றது. இயற்கை ரப்பரோடு ஒப்பிட்டால் அதன் வழியே கசிவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். இன்றைய டியூப் இல்லாத டயரின் உட்புறப் படலமும் அந்த வகை ரப்பரே.

ஆனாலும் சைக்கிள் பந்தயக்காரர்களில் பலர் இன்னும் இயற்கை ரப்பர்ப் பாலில் செய்த லேட்டெக்ஸ் டியூபையே தேடுகிறார்கள். மெலிசு, எடை குறைவு, வளைந்து கொடுக்கும், சக்கரம் லேசாக உருளும். மறுநாளே காற்று இறங்கிவிடும். அதனால் பந்தய நாளில் காலையில் மறுபடி அடிக்கிறார்கள். எது வேகத்தைத் தருகிறதோ அதுவே காற்றையும் விடுகிறது, அவர்கள் அதை ஒப்புக்கொண்டுதான் வாங்குகிறார்கள்.

அந்தப் பால் நமக்கு அந்நியமானதல்ல. 1876இல் கடல் கடந்து வந்த ரப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டன. இன்று நம் ஊவாவிலேயே, மலை இறங்கி மொனராகலைப் பக்கம் போனால், விடிகாலையில் ரப்பர் மரத்துக்குக் கத்தி வைக்கிறார்கள். சிரட்டையில் சொட்டுச் சொட்டாக இறங்கும் அந்தப் பாலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சின்னையாவின் தொட்டிதான் ஞாபகம் வரும்.

*

சனிக்கிழமை, மத்தியானம்.

சரளையில் டயர் மண்ணைப் பிடிக்க வேண்டுமென்றால் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும். குறைந்த காற்றில் டயர் தரையோடு அகன்று படியும், கல்லை அணைத்துப் போகும். அந்த நல்ல அளவுக்குக் கீழே இரண்டு போய்விட்டால், மேட்டிலிருந்து குதித்து இறங்கும்போது ரிம் கல்லில் இடித்து டியூபைக் கடித்துவிடும். டயர் ரிம்மின் மேல் வழுக்கிச் சுற்றினால் வால்வின் கழுத்து அறுந்துபோகும். அதைத் தடுக்கத்தான் ரிம் லொக் என்று ஒரு கவ்வி போடுகிறார்கள்.

ஓடும்போது டயர் சூடேறி அழுத்தம் கூடும். ஒழுக்கு குறைத்துக்கொண்டே வரும். ஓட்டுபவன் கைப்பிடியில் உணர்வது இரண்டும் கலந்த ஒன்றை. அவன் சந்தேகப்படும் நேரத்தில் வளைவு வந்துவிடும்.

உலகத்தின் பெரிய பந்தயங்களிலும் இதுதான் நிலைமை. 2021 ஜூன் 6ஆம் திகதி பாக்கு நகர ஃபோர்முலா வன் போட்டியில் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்த வெர்ஸ்டப்பனின் இடது பின் டயர், முடிய ஐந்து சுற்றுகள் இருக்கையில், நேர்சாலையில் சிதைந்தது. அதே போட்டியில் ஸ்ட்ரோல் என்ற ஓட்டுநருக்கு அதற்கு முன்பே அதே பக்கத்து டயர். புறப்படும்போது அளந்த அழுத்தம் விதிப்படி சரி என்றே ஆய்வு சொன்னது, காரணத்தை ஓட்டத்தின்போது இருந்த நிலைமையில் தேடியது. அதன்பிறகு அழுத்தத்தைச் சோதிக்கும் விதிகளை இறுக்கினார்கள்.

*

இதைப் பிற்பாடு சேர்க்கிறேன். இந்தச் சனி, ஞாயிறுக் குறிப்புகள் இங்கே நடந்த ஒரு கோர விபத்துக்கு முந்தைய ஒரு வருஷத்தவை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி இதே ஓடுபாதையில் ஒரு கார் தடம் விலகிச் சனத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். நான் எழுதும் காற்றோடு அதை முடிச்சுப் போட எனக்கு உரிமை இல்லை. அந்த மேட்டைப் பற்றி எழுதிவிட்டு அவர்களை எழுதாமல் விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

*

பசறையிலிருந்து லுணுகலை போகும் மலைப்பாதையில் கொழுந்து லொறிகளைப் பார்க்கும்போது என் கண் பின் சக்கரங்களுக்குப் போகும். இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயர் மெதுவாகக் காற்று இழந்தால் வெளியே நிற்பவருக்குத் தெரியாது. வெளிப்பக்க டயர் இரண்டின் பாரத்தையும் சுமந்து நிற்கும். இறக்கத்தில் சூடேறும். அந்த லொறியில் சில நாள் கொழுந்து மட்டுமல்ல, மலையில் வேலை முடித்த பெண்களும் வருவார்கள்.

லொறியோ பள்ளிக்கூட வேனோ ஓட்டும் தம்பிமாரிடம் ஒன்று கேட்கிறேன். காலையில், வண்டி ஒரு அடி நகர்வதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்துபாருங்கள். உள்பக்க டயரையும் அளந்துபாருங்கள். எண்ணை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு நாள் எண் ஒன்றும் சொல்லாது, பத்து நாள் எண்கள் சொல்லும். வால்வு மூடியைத் தொலைக்காதீர்கள், மண் உள்ளே போக அந்த வாய் போதும்.

*

சனிக்கிழமை, சாயங்காலம்.

டியூபைக் கழற்றினோம். தொட்டிக்குப் பதில் சமையலுக்குக் கொண்டுவந்த பெரிய சட்டி. வால்வில் குறையில்லை. முதல் குமிழ்களை வழித்துவிட்டு, டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் குனிந்திருந்தோம். ஒன்று முளைத்து மேலே வந்தது. மருமகன் உடனே கையை எடுக்கப் போனான். "இரு, ரெண்டாவது வரட்டும்" என்றேன். வந்தது.

ரிம் பட்டி ஓரிடத்தில் விலகி, கம்பி ஒன்றின் முனை டியூபை உரசியிருக்கிறது. கம்பி முனையை அராவி, பட்டியைச் சரிசெய்து, டியூபுக்கு ஒட்டுப் போட்டு, நேற்றைப் போலவே 27 பாகையில் 13 வைத்தோம்.

ஞாயிறு விடிகாலை, அதே 16 பாகை. கேஜில் 12.