விழாவும் வீடும்

குழந்தை ஒன்று நூலைக் கையிலெடுத்து வாசிப்பதைப் பலர் கூடிக் கொண்டாடுதல் நன்றா என்று எவரும் வினவார். நன்று என்பதில் ஐயத்திற்கே இடமில்லை. ஆயினும், அக்கொண்டாட்டம் முடிந்தபின் எஞ்சும் கடமை யாருடையது என்னும் வினாவிற்கு விடை கூறுதல் அத்துணை எளிதன்று. அதனை ஈண்டுச் சிறிது ஆராய விழைகின்றோம்.

சிங்கப்பூரின் பொது நூலகங்களில் குடும்பங்களுக்கென நடைபெறும் வாசிப்பு நிகழ்ச்சிகளை நமது வாசகர் பலரும் கண்டிருப்பர். தாய் தந்தையர் பிள்ளைகளை அழைத்து வருகின்றனர். கதைசொல்பவர் படநூலை விரித்துப் பிடித்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கதை கூறுகின்றார். சிறுவர் கைகொட்டி மகிழ்கின்றனர், பரிசு பெறுகின்றனர், நிழற்படம் எடுத்துக்கொள்கின்றனர். ஏப்ரல் மாதத்துத் தமிழ்மொழி விழா வரின் இத்தகைய நிகழ்ச்சிகள் பெருகுகின்றன. வருவாய் குறைந்த வீட்டுப் பிள்ளைகட்குத் தொண்டர்கள் நூல் வாசித்துக் காட்டும் ‘கிட்ஸ்ரீட்’ திட்டத்தைத் தேசிய நூலக வாரியம் 2004-இல் தொடங்கிற்று. இவை யாவும் போற்றற்குரிய பணிகளே.

இவ்வாய்ப்புத் தானே வந்து எய்தியதன்று. முன்னாளில் இராபிள்ஸ் நூலகம் என வழங்கியது, பெரும்பாலும் சந்தா செலுத்துவோர்க்கே பயன்பட்டது. அங்கிருந்த நூல்களும் பெரும்பாலும் ஆங்கில நூல்களே. 1953-இல் வணிகர் லீ கொங் சியான் புதிய நூலகத்திற்கென 375,000 வெள்ளி வழங்க முன்வந்தார். அந்நூலகம் யாவர்க்கும் கட்டணமின்றிப் பயன்படல் வேண்டும், இந்நாட்டு மக்களின் தாய்மொழி நூல்களும் ஆங்கு இடம்பெறல் வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். 1960-இல் ஸ்டாம்போர்டு சாலையில் தேசிய நூலகக் கட்டடம் திறக்கப்பெற்றது. சீனர் ஒருவர் தம் பொருளை ஈந்தபோது, தம் மொழிக்கு மட்டுமன்றிப் பிறர் மொழிகளுக்கும் வாயில் திறந்து வைத்தார். அவ்வாயிலுள் நாள்தோறும் புகுவதும் புகாதிருப்பதும் நமது பொறுப்பாகும்.

புகுகின்றோமா? 2010-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய சிங்கப்பூர்வாசிகளுள் 32.3 விழுக்காட்டினர் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசினர். 2020-இல் அத்தொகை 48.3 விழுக்காடாயிற்று. எல்லா இனத்தாரையும் சேர்த்த கணக்கே இஃது. ஆயினும் தமிழர் இல்லங்கள் இதற்கு விலக்கு என்று நாம் எண்ணிக்கொள்ளுதல் பேதைமை. ஆங்கிலம் வளர்வது குற்றமன்று. அது பிழைப்பிற்கும் பேரறிவிற்கும் கருவியாவதை யாரும் மறுக்கவியலாது. வீட்டிலும் ஆங்கிலம், பள்ளியிலும் ஆங்கிலம், விழாவில் மட்டும் தமிழ் என்று ஆகுங்கால், அக்காட்சியைக் காணும் குழந்தையின் உள்ளத்தில் விளையும் எண்ணம் யாது என்பதே நமது கவலை.

குழந்தை நாம் உரைப்பதைக் கேட்டுக் கற்பதிலும், நாம் செய்வதைக் கண்டு கற்பதே மிகுதி. தந்தை எம்மொழியில் செய்தித்தாள் படிக்கின்றார், தாய் எம்மொழியில் கடிதம் எழுதுகின்றார், இருவரும் முக்கியமான செய்தியைப் பேசுங்கால் எம்மொழிக்கு மாறுகின்றனர் என்பவற்றை அது நோக்கிக்கொண்டே இருக்கின்றது. ஆண்டிற்கு ஒருமுறை அழைத்துச் சென்று, “தமிழ் நம் உயிர்” என்று கூறச் செய்து பரிசும் வாங்கித் தந்தால், அது கைதட்டலைப் பெற்றுக்கொள்ளும். ஆனால், தமிழைத் திருநாளன்று உடுத்திப் பின் பெட்டியில் மடித்து வைக்கும் பட்டாடை என்றே கருதும். அதனினும் கேடானது ஒன்றுண்டு. பெரியோர் தாம் கைக்கொள்ளாத ஒன்றைச் சிறியோரிடம் புகழ்ந்துரைப்பது வழக்கமே என்னும் பாடத்தையும் அது கற்றுக்கொள்ளும். மொழி நட்டத்தைப் பின்னொரு நாள் ஈடு செய்யலாம். பெற்றோர் சொல்லில் வைத்த நம்பிக்கை குலையுமாயின் அதனை எந்நூலகம் மீட்டுத் தரும்?

“நாங்களே தமிழைச் செவ்வனே கற்றிலோம், எம்மைக் குறை கூறுதல் முறையோ?” எனச் சில பெற்றோர் வினவலாம். நேர்மையான வினாவே. இந்நாட்டின் இறுதித் தமிழ்வழிப் பள்ளியாகிய உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982-இல் மூடப்பெற்றது. அதன்பின் வளர்ந்த தலைமுறையினர்க்குத் தமிழ் ஒரு பாடமாக மட்டுமே வாய்த்தது. ஆதலின் அறியாமையை நாம் குற்றமெனக் கூறவில்லை. அறியாமையை மறைத்துக்கொண்டு, கடமை முழுவதையும் ஆசிரியர் மீதும் நூலகத்தார் மீதும் சுமத்துவதையே குற்றம் என்கின்றோம். “இச்சொல்லின் பொருள் எனக்கும் தெரியாது; வா, இருவரும் அகராதியைப் பார்ப்போம்” என்று கூறும் தந்தை, பிழையறப் படித்துக் காட்டும் புலவரினும் நல்லாசிரியராவார். எழுத்தறியாப் பாட்டியின் அருகில் அமர்ந்து பேரன் வாசிக்க, அவ்வம்மை பொருள் விளக்குவாராயின், அவ்விடமே சிறந்ததொரு நூலகம்.

“இரு மொழிகளும் குழந்தைக்குச் சுமையன்றோ?” என்பாரும் உளர். ஒரே கதையை இரு மொழிகளிற் கேட்ட குழந்தை, ஒரு பொருளுக்கு இரு பெயர்கள் உண்டென்றும், ஒரு மொழியில் எளிதாக வருவது மற்றொன்றில் வேறு வழியாக வருமென்றும் உணர்கின்றது. தன் வழியே உலகின் ஒரே வழி என்னும் குறுகிய நோக்கு அதனிடம் எளிதில் வேரூன்றாது. அன்போடு கொடுக்கப்பெறும் மொழி சுமையாவதில்லை. தேர்வு மதிப்பெண்ணுக்காக மட்டும் திணிக்கப்பெறும் மொழி, ஒன்றேயாயினும் சுமையே.

ஆதலின் விழாக்கள் வேண்டா என்பது நமது கருத்தன்று. அவை நடைபெறுக, பெருகுக. விழா ஒரு தொடக்கம் என்பதை மட்டும் பெற்றோர் மறவாதிருத்தல் வேண்டும். நூலகத்தினின்றும் திரும்புங்கால் பரிசுப் பொருளோடு ஒரு தமிழ் நூலும், ஓர் ஆங்கில நூலும் வீட்டிற்கு வருக. இரவில் கால்மணி நேரம் தொலைபேசியை ஒதுக்கி வைத்து, குழந்தை ஒரு பக்கமும் பெற்றோர் ஒரு பக்கமுமாக வாசிக்க. குழந்தை உறங்கியபின், பெரியோர் தமக்கென ஒரு தமிழ் நூலையும் விரிக்க. எவரும் கைதட்டாத அக்கால்மணி நேரத்தைக் காத்து வரும் பெற்றோரே, அடுத்த விழாவில் தம் குழந்தையின் வாசிப்பைக் கண்டு பெருமை கொள்ளும் உரிமையை முழுதும் உடையவராவர்.