பூட்டைத் திறக்கப் பழகுறது பாவமா?



பழனி பஞ்சாமிர்தத்துக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைச்சது ஒரே வருஷம், 2019. மாவட்டமும் ஒண்ணுதான். அப்பன் குடியிருக்கிற மலை இருக்கிற அதே மண்ணுலதான் தலைமுறை தலைமுறையா பூட்டும் செய்றாங்க. சரி, அந்தப் பூட்டைச் சாவி இல்லாம திறக்கிறதை ஒருத்தன் பொழுதுபோக்கா பழகினா அது தப்பா?

ரெண்டு மாசமா நான் பழகிட்டு இருக்கேன். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "திருட்டு வேலை உனக்கு எதுக்குடா?" சிரிச்சு மழுப்பிட்டுப் போற கேள்வி இல்ல அது.

முதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடறேன். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டுக்குள்ள இருக்கிறது லீவர், அது தனிக் கதை. நான் பழகுறது பின் டம்ளர் பூட்டு. லைனஸ் யேல் ஜூனியர் 1861-ல் காப்புரிமை வாங்கின அமைப்பு; இன்னைக்குப் பாதி உலகத்தோட கதவுல இருக்கிறது அதோட வாரிசுதான். நடுவுல சுழலுற ஒரு உருளை. அதுக்கு மேல வரிசையா அஞ்சாறு துளை. ஒவ்வொரு துளையிலும் ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு பின், தலைக்கு மேல ஒரு ஸ்பிரிங். சரியான சாவி உள்ள போனா, ரெண்டு பின்னும் சேர்ற இடம் எல்லாத் துளையிலும் உருளையோட விளிம்புக்கு நேரா வந்து நிற்கும். உருளை சுத்தும், பூட்டு திறக்கும்.

சாவி இல்லாட்டி, வளைஞ்ச ஒரு கம்பியால உருளையை லேசா திருப்பிப் பிடிக்கணும். எவ்வளவு கவனமா துளை போட்டாலும் முடியளவு கோணல் இருக்கத்தான் செய்யும். அதனால எல்லாப் பின்னும் ஒண்ணா இறுகாது, ஏதோ ஒண்ணுதான் முதல்ல இறுகும். அதைத் தேடிப் பிடிச்சு இன்னொரு கம்பியால மெல்லத் தூக்கினா ஒரு சின்ன 'டிக்'. உருளை ஒரு நூல் நகரும். அப்புறம் அடுத்த பின். பலம் காட்டினா எல்லாம் சேர்ந்து இறுகிக்கும், ஒண்ணுமே தெரியாது. விரல் எவ்வளவு லேசா இருக்கோ அவ்வளவுக்குத் தெரியும். சஷ்டி கவசம் ஒருமுறை முழுசா சொல்லி முடிக்கிற நேரம் ஒரே ஒரு பின்னோட போராடின நாளும் உண்டு.

ஆனா கடையில வாங்கின ஒரு மலிவுப் பூட்டு அப்படிப் படுத்தல. நெளிநெளியா இருக்கிற கம்பியை உள்ள விட்டு நாலு தடவை இழுத்தேன், திறந்துக்கிச்சு. சந்தோஷத்தை விட ஒரு மாதிரி பயம்தான் வந்துச்சு. ஏன்னா எங்க தெருவுல பாதி வீட்டுல அதே பூட்டு தொங்குது. அப்போ இத்தனை நாளா அந்த வீடுகளைக் காப்பாத்தினது பித்தளை இல்ல. "நான் வெளிய போயிருக்கேன், உள்ள வராதீங்க"ன்னு வீட்டுக்காரர் சொல்ற சொல்லை ஊர் மதிச்சிருக்கு, அவ்வளவுதான்.

இப்போ நம்மாளுங்க பலருக்குத் தெரியாத ஒண்ணு. சூத்ரகரோட மிருச்சகடிக நாடகம், தமிழ்ல 'மண்ணியல் சிறுதேர்'. அதுல சர்விலகன்னு ஒரு திருடன் வர்றான். சுவரைத் துளைக்கிறதுக்கு முன்னாடி கார்த்திகேயனை வணங்குறான். திருடர்களை 'ஸ்கந்தனின் புத்திரர்கள்'னே சொல்றான். ஷண்முககல்பம்னு திருட்டுக் கலையைப் பத்தி வடமொழியில ஒரு நூலே இருக்கு. முதல் தடவை படிச்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம முருகனா?

கோபப்படறதுக்கு முன்னாடி கதையை முழுசா பாருங்க. சர்விலகன் திருடுறது மதனிகைங்கிற காதலியை அடிமைத்தனத்துல இருந்து மீட்க. நல்ல காரணம்தான். ஆனா நகையைக் கொண்டுபோய்க் காட்டினா அவளே அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்றா. சாமி கும்பிட்டுட்டுத் தொடங்கினதாலயும் காரணம் நல்லதா இருந்ததாலயும் அது அவனோட பொருளா ஆகல. சூரபத்மனும் வரத்தைத் திருடல, தவம் செஞ்சு முறையாத்தான் வாங்கினான். அதை வச்சு தேவர்களைச் சிறையில போட்டதுதான் வேல் வர்றதுக்குக் காரணம்.

"கத்தி மாதிரிதான் ப்ரோ, யார் கையில இருக்குங்கிறதுதான் விஷயம்"னு சிலர் சுலபமா சொல்லிடறாங்க. எனக்கு அது போதலை. கத்தியை மேஜை மேல வச்சுட்டு எழுந்து போயிடலாம். இதை விரல்ல இருந்து எடுத்து எங்க வைக்கிறது? களவும் கற்று மறன்னு பெரியவங்க சொல்றாங்க ('களவும் கத்தும் மற'ங்கிறதுதான் சரி, கத்துன்னா பொய்னு சண்டை போடறவங்களும் உண்டு), ஆனா விரல் மறக்குமா? தெருவுல நடக்குறப்போ கண்ணு தானா பூட்டுப் பக்கம் போகுது. அம்மா பயந்தது இதுக்காகத்தான் இருக்கும். அந்தப் பயத்துல பாதி சரி.

மீதிப் பாதிக்கு ஒரு பழைய கதை இருக்கு. லண்டன்ல பிராமா கம்பெனி தன் பூட்டைக் கடை ஜன்னல்ல வச்சு, திறக்கிறவனுக்கு 200 கினி தர்றோம்னு சவால் விட்டிருந்தது. ஏறக்குறைய 60 வருஷம் யாராலயும் முடியல. 1851-ல் ஆல்ஃப்ரட் ஹாப்ஸ்னு ஒரு அமெரிக்கர் 51 மணி நேரம் உழைச்சுத் திறந்தார். ராத்திரியில ஒளிஞ்சு இல்ல. கம்பெனிக்குத் தெரிஞ்சு, நடுவர்கள் வச்சு. இதையெல்லாம் வெளிய சொன்னா திருடனுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரின்னு அப்பவே எதிர்ப்பு வந்துச்சு. திருடனுக்கு ஏற்கெனவே தெரியும், பூட்டை நம்பி வாங்கினவனுக்குத்தான் தெரியலைங்கிறது ஹாப்ஸ் பக்கத்து வாதம். அதுக்கப்புறம் பூட்டு செய்றவங்க இன்னும் நல்ல பூட்டு செஞ்சாங்க.

இதைப் பழகுற எல்லா ஊர்க்காரங்களுக்கும் ரெண்டு விதி உண்டு. உன்னோடது இல்லாத பூட்டை, உரியவர் அனுமதி இல்லாம தொடாதே. உன்னோடதே ஆனாலும், தினமும் பயன்படுத்துற பூட்டுல விளையாடாதே, கெட்டுப்போகும். இந்த விதியைக் கம்பியைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடியே ஏத்துக்கணும். மாலை போட்டுட்டுத்தானே நடக்கத் தொடங்குறோம்? பழனி போய்ச் சேர்ந்த பிறகு யாராவது விரதம் ஆரம்பிப்பாங்களா?

விதி சுலபம்னு நினைச்சுட்டு இருந்தேன், ஒரு நண்பன் வந்து நிற்கிற வரைக்கும். அவன் தம்பி காலேஜ் படிக்கிறான். கொஞ்ச நாளா யாரோடயும் பேசுறதில்ல, சரியா சாப்பிடறதில்ல. ஒரு தகரப் பெட்டியைப் பூட்டி வச்சிருக்கான். "ஆன்லைன் ரம்மியில கடன் ஆயிருப்பானோன்னு பயமா இருக்குடா. நீ திறந்துடு. பார்த்துட்டு அப்படியே பூட்டிடலாம், அவனுக்குத் தெரியவே தெரியாது."

அந்தப் பெட்டிப் பூட்டு எனக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. அண்ணன் கேக்குறான், கண்ணுல தண்ணி நிக்குது, காரணமும் நல்ல காரணம். சர்விலகன் ஞாபகம்தான் வந்துச்சு. "தம்பிகிட்டயே கேளுடா. அவன் கொடுக்காத சாவியை நான் கொடுக்க முடியாது"ன்னேன். "கேட்டா சொல்ற மாதிரி இருந்தா உன்கிட்ட ஏன்டா வர்றேன்?"னு கோபமா போயிட்டான். அவன் கேட்டதுலயும் நியாயம் இருக்கு. உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் என்ன செய்வேன்? கதவையே உடைப்பேன், அதுல சந்தேகமில்ல. ஆனா அப்போ ஊரறிய உடைப்பேன், தெரியாம திறந்து தெரியாம மூட மாட்டேன்.

பத்து நாள் கழிச்சு நண்பன்கிட்ட இருந்து மெசேஜ் வந்துச்சு. தைப்பூசத்துக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மாலை போட்டிருக்காங்க, பழனிக்கு நடக்கப் போறாங்க. பெட்டி இன்னும் பூட்டிதான் இருக்காம். வழியில பேசிக்கலாம்னு இருக்கான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!