வாய் திறக்காத பிள்ளைக்குத் திடலில் என்ன பங்கு?

“ஓடியாடி விளையாட விடுங்க, வாய் தன்னால திறந்துக்கும்.” மூன்று வயதாகியும் பேச்சு சரியாக வராத பிள்ளை உள்ள வீட்டில் இந்த வார்த்தையைக் கேட்காத தாய் இருக்கமாட்டார். சொல்வது பெரும்பாலும் பாட்டி, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா. ஆறுதலுக்குச் சொல்வதுதான். ஆனால் இதையே பணம் வாங்கிக்கொண்டு சொல்பவர்களும் இருக்கிறார்கள். அங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

உடற்பயிற்சி பேச்சைத் தருமா என்பது ஒரு கேள்வி. தராது என்று தெரிந்தாலும் அந்தப் பிள்ளையைத் திடலுக்கு அழைத்துப்போக வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. முதலாவதுக்கு ஆராய்ச்சியாளர்கள் பதில் தேடட்டும். இரண்டாவது நம்மைப் போன்ற இளைஞர்களிடம் கேட்கப்படுவது.

முதலில் விவரத்தைப் பார்ப்போம். காது நன்றாகக் கேட்கும், புத்தியிலும் குறை சொல்ல முடியாது, ஆனாலும் சொல்லும் வாக்கியமும் மனதில் ஒட்டாது. இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டோரத்தி பிஷப் முன்னின்று நடத்திய முயற்சியில், பல நாட்டு நிபுணர்கள் கூடி 2017-இல் இதற்கு ‘வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு’ என்று பொருள்படும் ஒரே பெயரை ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவில் டாம்ப்ளின் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் பாலர் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு 7 பேருக்கு இத்தகைய குறைபாடு இருந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் முப்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். வெளியே தெரியாத குறை என்பதால் சோம்பேறி, பிடிவாதக்காரன், மக்கு என்று நாம்தான் பெயர் வைத்துவிடுகிறோம்.

“வீட்டுல தமிழு, ஸ்கூல்ல மலாய், டிவியில இங்கிலீஷ், அதான் பிள்ளை குழம்பிட்டான்” என்பார்கள். அது காரணமில்லை. பல மொழி கேட்பதால் இந்தக் குறை வருவதில்லை. குழப்பம் என்று நினைத்துத் தமிழை நிறுத்தினால், பாட்டியோடு பேச இருந்த ஒரே வழியையும் அடைத்ததாக ஆகும்.

உடலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. இந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சட்டைப் பொத்தான் போடுவது, பந்து பிடிப்பது, நொண்டியடிப்பது எல்லாம் சிரமமாக இருக்கும். சைக்கிள் ஓட்டப் பழகுவதற்கும் இலக்கணம் தானாகப் படிவதற்கும் மூளையில் ஒரே கற்றல் அமைப்பு உதவுகிறது, அதில்தான் தடை இருக்கலாம் என்று உல்மனும் பியர்பான்ட்டும் 2005-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். இன்னும் விவாதத்தில் உள்ள விஷயம் அது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2021-இல் வந்தது. புதுச் சொற்களைக் கற்ற பிறகு நீந்திய பிள்ளைகள் 13 விழுக்காடு கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் கடுமையான உடற்பயிற்சி செய்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அதைவிட முக்கியம், அவர்கள் மொழிக் குறைபாடு இல்லாத பிள்ளைகள். ஆகவே, நீந்தினால் பேச்சு வரும் என்று யாராவது சொன்னால் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி நம் கேள்விக்கு வருவோம். குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை, பெற்றோர் திருச்செந்தூரில் கிடந்து வேண்டினார்கள், முருகன் அருளால் வாய் திறந்து பாடினார் என்ற வரலாறு நமக்குத் தெரியும். அதே சந்நிதியில் அதே கண்ணீரோடு நின்று, பேசாத பிள்ளையோடே வீடு திரும்பிய பெற்றோர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்களை முருகன் கைவிட்டான் என்று சொல்ல நமக்கு வாய் வருமா? வராது. பேச்சு வந்தால்தான் பிள்ளைக்கு மதிப்பு என்று சந்நிதியில் சொல்லக் கூசுகிற நாம், திடலில் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்.

எப்படி என்றால், விளையாட்டு விதியை ஒரே மூச்சில், வேகமாக, ஒரு தடவைதான் சொல்கிறோம். அந்தப் பிள்ளைக்குப் பாதிதான் பிடிபடுகிறது. தவறான பக்கம் ஓடுகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். அடுத்த வாரம் தண்ணீர்ப் போத்தலைக் காவல் காத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பான். படிப்பில் பின்தங்கியவன் என்று உடற்கல்விப் பாட நேரத்தில் அவனை மட்டும் எழுத்துப் பயிற்சிக்கு உட்காரவைப்பதும் நடக்கிற கதைதான். நாக்கு பட்ட கடனைக் கால் கட்டுகிறது. இது நியாயமா?

5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. குறைபாடு உள்ள பிள்ளைகளையும் சேர்த்தே சொன்னது. இதயம், எலும்பு, தூக்கம், மனநிலை எல்லாவற்றுக்கும் அது வேண்டும். பேச்சு வந்தாலும் வராவிட்டாலும் அது அவன் பங்கு. மருந்தாகக் கொடுத்தால், பலன் தெரியாதபோது ஆறு மாதத்தில் நிறுத்திவிடுவோம். பங்கு என்று கொடுத்தால் நிறுத்த முடியாது.

“அப்போ டீம் தோத்துப் போனா பரவாயில்லையாண்ணே?” என்று தம்பிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. போட்டிக்குப் போகும் அணியில் திறமை பார்த்துதான் எடுக்க வேண்டும். பரிதாபத்துக்காக ஓர் இடம் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கே அது தெரிந்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வேறு, போட்டி வேறு. பயிற்சித் திடலில் யாருக்கும் தேர்வு வைக்க நமக்கு உரிமையில்லை.

காஹாங் போன்ற ஊரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. குளுவாங் மருத்துவமனைக்கு முப்பது கிலோமீட்டருக்கும் மேல். மெர்சிங் சாலையில் போய்வர, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு ஒருநாள் சம்பளம் போய்விடும். தமிழில் பேசும் பேச்சுச் சிகிச்சையாளர் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. இந்த நாட்டில் அந்தப் பட்டப்படிப்பே 1995-இல்தான் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இந்த நிலையில், கிடைக்காத சிகிச்சைக்குப் பதிலாகக் கிடைக்கிற திடலைக் காட்டிப் பெற்றோரைச் சமாதானப்படுத்துவது சுலபம். செய்யக்கூடாது. கார் வைத்திருக்கும் ஓர் இளைஞர், ஒரு காலைப்பொழுது அந்தத் தாயையும் பிள்ளையையும் குளுவாங்கிற்கு அழைத்துப்போய் வந்தால், பத்து உடற்பயிற்சி முகாமைவிட அது மேல்.

திடலில் செய்யக்கூடியதும் இருக்கிறது. விதியைச் சொல்வதற்கு முன் செய்து காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விதி போதும். ‘பிடி’, ‘தாண்டு’, ‘நில்’ என்று ஒவ்வொரு வாரமும் அதே சொல்லை அதே செயலோடு சொல்லுங்கள். கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள், அவனுக்காக நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். நம் கபடியையே பாருங்கள், பாடிப் போகிறவன் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல், அதையே திரும்பத் திரும்ப. அந்தச் சொல்லும் வராத பிள்ளை மூச்சு விடாமல் “ம்ம்ம்” என்று முனகிக்கொண்டே கோட்டைத் தாண்டட்டும். நடுவர் விசிலை அன்றைக்கு மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.