அதிக மாதம் உணர்த்தும் அறம்

அமாவாசை முதல் அடுத்த அமாவாசை வரை ஏறத்தாழ 29.5 நாட்கள். அத்தகைய 12 மாதங்கள் கூடினால் 354 நாட்களே. சூரிய ஆண்டோ 365 நாட்களுக்குச் சற்று மேற்பட்டது. இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தால் பண்டிகைகள் பருவம் தவறிவிடும். ஆதலால், சூரியன் புதிய ராசியில் புகாத சாந்திர மாதத்தை அதிக மாதமாகக் கொள்வது சாந்திரமானப் பஞ்சாங்க மரபு. 2023-இல் சிராவணம் இவ்வாறு இருமுறை வந்தது.

நியதியும் உண்மையும் முரண்படும்போது எதைத் திருத்துவது? சந்திரனின் கதியை மாற்ற இயலாது. மனிதன் தன் கணக்கையே மாற்றிக்கொண்டான். ஆனால் உடன் வாழ்வோர் தன் கணக்குக்குள் அடங்காதபோது அவர்களையே குறை கூறுகிறான். தவற்றைத் தவறென்றே சொல்ல வேண்டும். இயல்பின் வேறுபாடோ தவறன்று. மலமாதம் என்று ஒதுக்கப்பட்டதே புருஷோத்தம மாதம் என்று போற்றவும்படுகிறது. பொருந்தாததற்கும் இடமளிக்கும் கணக்கே முழுமையான கணக்கு.