"பிஸிடா" என்ற பொய்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுங்கை சிப்புட்டில் என் பள்ளித் தோழனின் திருமணம். மறுநாள் காலை ஜொகூரில் எனக்கு வெப்ப இயக்கவியல் சோதனை. இரண்டுக்கும் நடுவே 500 கிலோமீட்டருக்கு மேல். பொறியியல் மாணவன் அல்லவா, உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பேருந்துச் செலவு, ரயில் செலவு, இழக்கும் படிப்பு நேரம். விடை சுலபமாக வந்தது: 50 வெள்ளி மொய்யைக் கைப்பேசியிலேயே அனுப்பிவிட்டு, "பிஸிடா, மன்னிச்சுக்கோ" என்று ஒரு செய்தி.

அம்மாவிடம் சொன்னேன். "காசு அனுப்புறது வேற, போய் நிக்கிறது வேறப்பா. அவன் உன்னைத்தானே கூப்பிட்டான்?" என்றார்.

அன்று தூக்கம் வரவில்லை. ஏனென்றால், "பிஸி" என்பது பொய் என்று எனக்குத் தெரியும்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். எஸ்.பி.எம். முடித்த ஆண்டில் அவன் அப்பா தவறிப்போனார். அவன் லோரியில் வேலைக்குப் போனான். நான் மேற்படிப்புக்கு வந்தேன். முதல் வருடம் முழுக்க அவன்தான் செய்தி அனுப்பினான். நான் "பிஸிடா" என்றே பதில் போட்டேன். உண்மையில் எனக்குக் கூச்சம். படிப்பைப் பற்றிப் பேசினால் பெருமையடிப்பது போல் ஆகிவிடுமோ? அதை விட்டால் வேறென்ன பேசுவது? யோசிக்கவே அலுப்பாக இருந்தது. விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை கிளம்பினேன். கோலாலம்பூர் வரை பேருந்து, அங்கிருந்து ரயில். இரவு பெரியம்மா வீட்டில் தங்கினேன், மூன்று வருடங்களுக்குப் பிறகு. "இப்பத்தான் வழி தெரிஞ்சதா?" என்று ஏசினார். ஏசிக்கொண்டே தோசை ஊற்றினார். முட்டி வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். அதுகூட எனக்குத் தெரியாது.

மறுநாள் கோயில் மண்டபத்தில், மணவறையில் இருந்த அவன் என்னைப் பார்த்துவிட்டான். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "முன்னாடி வாடா" என்று கை காட்டினான். அவன் தங்கை ஓடி வந்து, "நீங்க வருவீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாருண்ணா, முன்னால நாற்காலி போட்டு வச்சிருக்கோம்" என்றாள்.

குசேலர் கதை நம் எல்லோருக்கும் தெரியும். அரண்மனையில் இருந்தவர் கண்ணன். அவல் முடிச்சோடு கூசி நின்றவர் குசேலர். நாலு எழுத்துப் படித்ததால், அரண்மனையில் இருப்பவன் நான்தான் என்று உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன். அன்று மொய் உறையைப் பிடித்துக்கொண்டு கூசி நின்றவன் நான்.

"காலம் போனால் நட்பும் விலகத்தானே செய்யும், இதில் என்ன தப்பு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். பழகிய எல்லோரையும் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. ஆனால், இரண்டு பேரும் தானாக விலகிப்போவது வேறு. ஒருவன் கூப்பிடக் கூப்பிட ஒதுங்கிவிட்டு, பழியைக் காலத்தின் மேல் போடுவது வேறு. நான் செய்தது இரண்டாவது.

திருக்குறளில் நட்புக்கு அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் உண்டு. அதில் 81ஆவது அதிகாரம் 'பழைமை'. நீண்ட நாள் பழகியவர் உரிமையோடு செய்வதைத் தடுக்காமல் ஏற்றுக்கொள்வதே பழைமை என்கிறார் வள்ளுவர். பெரியம்மாவின் ஏச்சும் அவனுடைய "வாடா"வும் அந்த உரிமைதான். நான் "பிஸிடா" என்ற ஒவ்வொரு முறையும், "உனக்கு அந்த உரிமை இல்லை" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

சோதனை என்ன ஆச்சு என்கிறீர்களா? சரியாகச் செய்யவில்லை. புள்ளி குறைந்துவிட்டது, அடுத்த சோதனையில் ஈடுகட்ட வேண்டும். அதற்காகக் கடவுள் தனியாக எதுவும் செய்து தரவில்லை. ஆனாலும் போனது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

உங்கள் கைப்பேசியிலும் பதில் போடாத ஒரு பெயர் இருக்கும். இந்த வாரம் கூப்பிட்டுப் பேசுங்கள். ஏசினால், ஏச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.