யாழ்மூரி உணர்த்தும் உண்மை

சைவ ஆசிரியர்களே,

கலையில் வல்லார் ஒருவர், தமது கருவிக்கு இயலாத செயலொன்றைத் தாமே வேண்டிப் பெற்று, பலரறிய அதனை முயன்று, முடியாது நின்ற சரித்திரம் பெரியபுராணத்தில் உண்டு. அவர் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார். மாணாக்கர்க்கு இச்சரித்திரத்தைச் சொல்லும் நாம், அது நமக்கே கூறப்பட்டதாகவும் கொண்டு சிந்தித்தல் தகும்.

திருவெருக்கத்தம்புலியூரிலே அவதரித்த இந்நாயனார், தம் மனைவியார் மதங்கசூளாமணியாரோடு சீகாழிக்குச் சென்று, திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரை வணங்கி, அவர் அருளிச்செய்யும் திருப்பதிகங்களை யாழிலிட்டு வாசிக்கும் பேறு பெற்றார். அன்றுதொட்டுத் தலங்கள்தோறும் உடன் சென்றார். அவ்வாறு செல்லுங்கால், தம் தாயார் பிறந்த ஊராகிய தருமபுரத்தை அடைந்தார். இது காரைக்காலை அடுத்த தலம். மயிலாடுதுறையில் ஆதீனம் விளங்கும் தருமபுரம் வேறு என்பதை மாணாக்கர்க்கு எடுத்துக் கூறுக.

அங்கே எதிர்கொண்ட சுற்றத்தார், பாணர் யாழிலே வாசித்தலினாலேயே பதிகத்தின் இசை உலகெங்கும் பரவுகின்றது எனப் புகழ்ந்தார்கள். அப்புகழ் நாயனார் செவியிலே நெருப்பாய்ப் புகுந்தது. அவர் நடுங்கி, பிள்ளையாரின் திருவடிகளிலே வீழ்ந்து, யாழில் அடங்காத இசையுடைய பதிகம் ஒன்றை, சுற்றத்தாரும் உலகத்தாரும் உண்மை அறியும்படி அருளல் வேண்டும் என விண்ணப்பஞ்செய்தார். தம் பெருமை குறைதற்குத் தாமே வழி தேடிய அடக்கத்தை என்னென்பது!

பிள்ளையார் பாடியருளினார். முதலாந் திருமுறையின் 136ஆவதும் இறுதியுமாகிய அப்பதிகமே யாழ்மூரி எனப்படுவது. பாணர் வழக்கம்போல நரம்பைத் தொட்டார். இசை நரம்பில் அமைந்திலது. யாழிலே ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு சுரத்துக்கு இசைகூட்டப்பட்டது. மிடறோ, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கியும் வளைந்தும் அசைந்தும் செல்லவல்லது. கருவியின் இவ்வியல்பும் இங்கே நினைக்கத்தக்கது. எனினும், சேக்கிழார் சுவாமிகள் காட்டும் காரணம் அதனினும் மேலானது. திருவருளின் பெருமை கருவியளவில் அடங்காது என்பதே அது.

பாணர், இவ்விழுக்கெல்லாம் இக்கருவியினால் விளைந்தது என்று யாழை முறித்தற்கு ஓங்கினார். பிள்ளையார் தடுத்து, அதனைத் தம் கையில் வாங்கினார். மனத்தாலும் அளக்கலாகாத இசை செயலளவில் எய்துமோ என்று தேற்றி, இக்கருவிக்கு வந்தவளவே வாசித்தல் முறை என அருளி, யாழை மீண்டும் கொடுத்தார். பாணர் அதனைத் தொழுது வாங்கித் தம் தலைமேற் கொண்டார். முறிக்க ஓங்கிய யாழே முடிமேல் ஏறிற்று.

ஆசிரியர்களே, இந்நிகழ்ச்சியில் நமக்குரியது யாது? தேர்விலே மாணாக்கன் தேறினால், ஊரார் ஆசிரியரையே புகழ்வர். அப்புகழைப் பாணரைப்போல அஞ்சுவோர் எத்துணையர்? கல்வி நம்மாலே விளங்குகின்றது என்று மயங்குதல் எளிது. கல்வியினாலே நாம் விளங்குகின்றோம் என்று உணர்தல் அரிது. இஃதொன்று. மற்றொன்று, இதனினும் நம் வகுப்பறைக்கு அணித்தாயது. பாடம் ஏறாத பிள்ளையைக் கண்டு சினந்து, இவன் உதவான் என்று கைவிடுகின்ற ஆசிரியர், யாழை முறிக்க ஓங்கியவரே ஆவர். அவர் ஓங்கும் கையைத் தடுத்தற்கு அங்கே பிள்ளையார் இல்லை. தாமே தடுத்துக்கொள்ளல் வேண்டும். அப்பிள்ளைக்கு வந்தவளவு கற்பித்தல் குறையன்று. அதுவே முறை என்பது ஞானாசாரியரின் ஆணை.

பின் நிகழ்ந்தவற்றையும் நோக்குக. யாழ் வழக்கொழிந்தது. அதன் அமைப்பை ஆராய்ந்து நிறுவுதற்கு, ஈழத்திலே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, 1947இல் யாழ்நூலை வெளியிடவேண்டியதாயிற்று. பதிகமோ அழிந்திலது, ஓதுவார்கள் அதனை இன்றும் அடாணா இராகத்திலே பாடுகின்றார்கள். கருவியினாலே பதிகம் வாழ்ந்தது என்ற சுற்றத்தாரின் எண்ணத்துக்குக் காலமே விடை கூறிற்று. ஆயினும், தேவாரப் பண்கள் மறைந்த காலத்து, அவற்றை மீள வகுத்தற்குத் திருவருளாற் காட்டப்பட்டவர், திருவெருக்கத்தம்புலியூரிலே இப்பாணர் மரபிற் பிறந்த பெண்மணி ஒருவரே எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். பாட்டுக் கருவியினால் வாழ்வதன்று. ஆயினும், வந்தவளவு வாசித்த கருவியின் வழியே அஃது உலகுக்கு மீண்டது. ஆசிரியத் தொழிலின் சிறுமையும் பெருமையும் இவ்விரண்டினுள் அடங்கும்.

வைகாசி மூலம் சம்பந்தப்பிள்ளையாருக்கும் யாழ்ப்பாண நாயனாருக்கும் உரிய குருபூசைத் திருநாள். அன்று பாடசாலையிலே யாழ்மூரியை ஓதுவிக்கும் ஆசிரியர், குரல் எழாத பிள்ளையையும் முன்னே அழைத்து நிறுத்துக. அவனுக்கு வந்தவளவு பாடச்செய்க. திருச்சிற்றம்பலம்.