யாரும் கூப்பிடாத நாள்

குறையே இல்லாத ஒரு நாளைக் கற்பனை செய்யச் சொன்னால், என்னுடையது அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணிக் கரையில் தொடங்கும். வெயில் ஏறுமுன் ஆற்றில் ஒரு முங்கல். பழைய சோறும் நேற்று வைத்துச் சுண்டிய குழம்பும். அப்புறம் மருத மர நிழலில் துண்டை விரித்து ஒரு படுக்கை. கையில் புத்தகம் இருக்கும், படித்தே ஆகணும் என்றில்லை. சாயங்காலம் வயல் வரப்பில் ஒரு நடை, திரும்புகிற வழியில் ஒரு டீ. அவ்வளவுதான்.

இதைத்தான் எளிய இன்பம் என்கிறோம். பெரிய செலவில்லை, டிக்கெட் இல்லை. அப்படியென்றால் இது ஏன் இத்தனை அபூர்வமாக இருக்கிறது? ஆறு அங்கேயேதான் ஓடுகிறது. மரமும் நிற்கிறது. கிடைக்காதது வேறு ஏதோ ஒன்று.

அது என்னவென்று யோசிக்கும்போது எனக்கு ரூசோ நினைவுக்கு வருகிறார். 1765இல், அவர் குடியிருந்த மோத்தியே கிராமத்தில் வீட்டின்மீது கல் விழுந்தது. அங்கிருந்து தப்பி, ஸ்விட்சர்லாந்தின் பீல் ஏரியிலுள்ள புனித பீட்டர் தீவுக்குப் போனார். சுமார் ஆறு வாரம்தான். பெர்ன் அரசு வெளியேறச் சொல்லிவிட்டது. ஆனால் கடைசிக் காலத்தில் எழுதிய நூலில், தன் வாழ்வின் மிக மகிழ்ச்சியான நாட்கள் அவைதான் என்கிறார். மதியம் மற்றவர்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நைசாக எழுந்து போய்ப் படகில் ஏறிவிடுவாராம். நடு ஏரியில் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்தபடி, படகு போன போக்கில் மணிக்கணக்காக மிதப்பாராம்.

படிக்கும்போது நமக்கும் ஆசை வருகிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: அந்த மேஜையைத் துடைத்தது யார்? வீட்டு வேலைக்காரர்கள் நல்ல மனிதர்கள் என்று சொல்லிவிட்டு அவர் கடந்துவிடுகிறார். இத்தகைய சும்மா இருத்தல் எல்லாருக்கும் ஆகாது, சமூகத்திலிருந்து துரத்தப்பட்டவனுக்கு இது ஓர் ஈடு என்று அவரே சமாதானமும் சொல்கிறார். கேள்வி அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும்.

அதே தீவில் அவர் மரமேறிப் பழம் பறித்திருக்கிறார். இடுப்பில் கட்டிய பையில் நிரப்பி, கயிற்றில் கீழே இறக்கியிருக்கிறார். அதையும் சந்தோஷமாகவே எழுதுகிறார். பண்ணை ஆளுக்கு அது வேலை, ரூசோவுக்கு விளையாட்டு. மரமும் பழமும் ஒன்றுதான். ஆனால் அவரை யாரும் ஏறச் சொல்லவில்லை. நினைத்தால் இறங்கிவிடலாம்.

எனவே அமைதி என்று நாம் ஏங்குவது ஆற்றையோ நிழலையோ அல்ல என்று நினைக்கிறேன். யாரும் நம்மைக் கூப்பிடாமல் இருப்பதற்குத்தான் ஏங்குகிறோம். என் பெரியம்மாவிடம் அவளுக்கு எப்படிப்பட்ட நாள் வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. “ஒரு நா துணி மூட்டை இல்லாம ஆத்துக்குப் போவணும்யா. வந்து ஒக்காந்தா யாராவது சூடா சோறு போடணும். ராத்திரிக்கு என்னன்னு ஒருத்தரும் கேக்கப்பிடாது” என்றாள். ஆற்றங்கரையிலேயே அறுபது வருஷம் வாழ்ந்தவள். அவள் கேட்டதும் அதே ஆற்றைத்தான், துணி மூட்டை மட்டும் கூடாது.

அப்படியானால் மருத மரத்தடியில் படுக்கக் கூடாதா? படுக்கலாம். குற்ற உணர்ச்சியோடு படுத்தால் யாருக்கும் ஓய்வு கிடைத்துவிடப் போவதில்லை. எனக்குக் கெடும், அவ்வளவுதான். ஓய்வு தவறில்லை. ஆனால் ஒருவர் கூப்பிடப்படாமல் இருக்கும் நேரத்தில் அந்தக் கூப்பாட்டுக்கு இன்னொருவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது எப்போதும் அதே ஆளாக இருப்பதுதான் தவறு.

வாய்க்கால் பாசனத்தில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு: முறைத் தண்ணீர். தண்ணீர் குறைவாக இருக்கும்போது ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று மடையைத் திறந்து அடைப்பார்கள். தன் முறையில் வயல் நிறையப் பாய்ச்சுகிறவனை யாரும் குறை சொல்வதில்லை. முறை முடிந்தும் மடையை அடைக்காதவனோடுதான் சண்டை. அவன் அடைக்காவிட்டால் கடைமடை காயும்.

ஓய்வும் தண்ணீரைப் போலக் குறைவாகத்தான் இருக்கிறது. அதற்கும் நம் வீடுகளில் ஒரு முறை வைக்கலாம். கடைமடையிலிருந்து தொடங்கினால் நல்லது.